ரஜூலாவில் மூன்றாம் நாள்

(சுங்கை பூலோவில் நடந்த சங்கத்தின் பொன்விழாத் தொடக்க நிகழ்ச்சியில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)





பொன்விழாக் குழுவினர் என் வீட்டுக்கு வந்து, "ஹாஜியார், சங்கத்தின் ஆரம்ப காலத்தைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்" என்றார்கள். ஆரம்ப காலத்தைச் செயலாளர் மலரில் விரிவாகவே எழுதிவிட்டார். முதல் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள், தேத்தண்ணீர்ச் செலவு யார் கொடுத்தார்கள் என்பது வரை அதில் இருக்கிறது. அதையே நான் திரும்பச் சொன்னால் உங்களுக்குத் தூக்கம் வரும். அதனால் ஒரே ஒரு நாளைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். 1967 பிப்ரவரியில், வங்காள விரிகுடாவின் நடுவில், ஒன்றுமே நடக்காத ஒரு நாள். கொடுத்துவிட்டார்கள். இனி நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ரஜூலா என்று சொன்னதுமே முன்வரிசைப் பெரியவர்கள் சிரிக்கிறீர்கள். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். எஸ்.எஸ். ரஜூலா 1926-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கட்டப்பட்ட கப்பல். பி.ஐ. கம்பெனி என்று நம் ஆட்கள் சொல்லும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தம். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர், பிறகு அதே வழியில் திரும்பிப் போகும். நம் போர்ட் கிள்ளானுக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றுதான் பெயர். தொடக்கத்தில் அந்தக் கப்பலுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அனுமதி இருந்தது. அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு.

ரஜூலாவுக்கு ஒரு சகோதரிக் கப்பல் இருந்தது. ரோனா என்று பெயர். அதுவும் 1926-இல் கட்டப்பட்டு இதே வழியில் ஓடியதுதான். இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிப் போனபோது, 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில், அல்ஜீரியாவுக்கு அருகே ஜெர்மன் விமானத்தின் குண்டு பட்டு மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். நம் பாட்டன்மார் பாய் விரித்துப் படுத்துவந்த அதே தளத்தில் அந்தப் பிள்ளைகள் இருந்திருக்கிறார்கள். ரஜூலா தப்பியது. தப்பி, போருக்குப் பிறகும் கால் நூற்றாண்டு காலம் நம்மை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது பதினொரு வயது. சொந்த ஊர் நாகூர். வாப்பா இங்கே சுங்கை பூலோவில், ரயில் நிலையத்துப் பக்கம், ஒரு சிறிய சோற்றுக்கடை வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை ஊருக்கு வருவார்கள், ஆறு மாதம் இருப்பார்கள், திரும்பிவிடுவார்கள். சபர் போகிறவர்களின் வீடுகளில் அதுதான் வழக்கம். பிறகு உம்மாவுக்கும் எனக்கும் என்ட்ரி பெர்மிட் கிடைத்தது. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு மாதம் இருக்கும், புறப்பட்டோம். நன்னி, அதாவது உம்மாவைப் பெற்றவர்கள், வாசல்படியைத் தாண்டி வரவில்லை. உம்மா ஒரே பிள்ளை.

நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய், ஆடுகிற படியைப் பிடித்து ஏற வேண்டும். உம்மா ஒரு கையால் துப்பட்டியைப் பிடித்திருந்தார்கள், மறு கையில் பனையோலைப் பெட்டி. அதற்குள் தம்ரூட்டும் எலுமிச்சை ஊறுகாயும். கப்பல் நகர்ந்த பிறகு நாகூர் தர்காவின் பெரிய மினாரா வெகுநேரம் தெரிந்துகொண்டிருந்தது. 131 அடி உயரம் அது, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. அது மறைந்ததும் தளத்தில் அழுகை கிளம்பியது. எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, தோட்டத்துக்குத் திரும்புகிற இந்து சகோதரர்களும் அழுதார்கள். முதல் நாள் அழுகை, இரண்டாம் நாள் வாந்தி. இரண்டையும் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் சுபுஹுக்கு எழுந்தபோது கப்பல் ஆடவில்லை. இயந்திரத்தின் சத்தம் மட்டும் பாய்க்கு அடியில் கேட்டது. எட்டிப் பார்த்தால் கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆயிரத்து இருநூறு கடல் மைலுக்கு மேல். ரஜூலாவின் வேகம் மணிக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று கடல் மைல். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்றாம் நாள் என்பது சரியாக நடு. நாகூரும் தெரியாது, நிக்கோபார் தீவும் இன்னும் வராது. ஒரு பறவைகூட இல்லை.

ஒளுவுக்குக் கடல் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் குடிக்க மட்டும். முகத்தில் பட்டதும் உப்பு கண்ணைக் கரிக்கும். கீழக்கரைப் பக்கத்து ஆலிம் ஒருவர் எங்களோடு வந்தார். அவர் ஒரு கலாசியைப் பிடித்து, அவன் மூலமாகச் சாரங்கிடம் கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்பார். சாரங் சிட்டகாங்குப் பக்கத்து முஸ்லிம். மூன்று நாளும் ஒரே பதில்தான். கையைத் தூக்கிக் கப்பலின் பின்பக்கத்தைக் காட்டுவார்.

இதைப் பெரியவனான பிறகுதான் நான் வரைபடத்தை வைத்துப் பார்த்தேன். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பல் போகிற திசை கிழக்கு, கொஞ்சம் தெற்கே சாய்ந்து. அந்தக் கடலிலிருந்து மக்கா இருக்கும் திசை மேற்கு, கொஞ்சம் வடக்கே சாய்ந்து. ஏறக்குறைய நேர் எதிர். அதனால் மலாயாவுக்கு வந்த நம் முன்னோர்கள் எல்லாரும், வழி நெடுக, விட்டு வந்த ஊரைப் பார்த்துத்தான் தொழுதிருக்கிறார்கள். சஃபு கட்டி நின்றால் கண்ணுக்கு எதிரே கப்பல் கிழித்து வந்த வெள்ளைக் கோடு. அதன் அந்தப் பக்கம் நாகப்பட்டினம். ஊருக்குத் திரும்பும்போது இது மாறிவிடும். அப்போது கப்பல் போகிற பக்கமே கிப்லா. பயணி என்பதால் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுதோம். ஸலாம் கொடுத்த பிறகும் யாரும் உடனே எழுந்திருக்கவில்லை என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்றைக்கு ஆண்கள் தூங்கினார்கள். நான் அப்படி ஒரு தூக்கத்தை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடைச் சிப்பந்திகள், சாக்குத் தூக்குகிறவர்கள், பணம் மாற்றுகிறவர்கள், ரொட்டி தட்டுகிறவர்கள். இங்கே கடை திறப்பது விடியுமுன், மூடுவது நள்ளிரவு. ஊருக்குப் போனால் கலியாணம், வீடு கட்டுவது, கடன்காரர், சொந்தக்காரர். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்களை யாரும் கூப்பிட முடியாத இடம் இந்தக் கடல் ஒன்றுதான். வாயைத் திறந்தபடி, கையை விரித்தபடி, வெயில் முகத்தில் அடிப்பது தெரியாமல் தூங்கினார்கள். பண்டாரி சோற்றுக்கு மணி அடித்தபோது பிள்ளைகள் நாங்கள் போய் உலுக்கி எழுப்ப வேண்டியிருந்தது.

நேரமும் அங்கே ஒரு குழப்பம். அப்போது மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டு மணி முந்தியது. அந்த இரண்டு மணியைக் கப்பலில் ஒரேயடியாகக் கூட்டுவதில்லை, இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள். கைக்கடிகாரம் கட்டியவர்களில் ஒருவர் ஊர் நேரம் வைத்திருப்பார், ஒருவர் கப்பல் நேரம், ஒருவர் இப்போதே பினாங்கு நேரம். லுஹருக்குப் பாங்கு எப்போது என்று வாக்குவாதம். ஆலிம் எழுந்து, ஒரு குச்சியை நிறுத்தி நிழலைப் பார்த்து, "கடிகாரத்தை எல்லாம் பைக்குள்ள போடுங்க வாப்பா" என்றார்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வேலை வந்தது. நான் ஆறாம் வகுப்பு. தமிழ் நன்றாக எழுதுவேன். பினாங்கில் தபாலில் போடுவதற்குக் கடிதம் எழுத ஆள் தேடியபோது ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். அன்று நாலு பேருக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்று கடிதங்களில் இருந்தது ஒன்றேதான்: சுகம், கடல் அமைதி, போய்ச் சேர்ந்ததும் பணம் அனுப்புகிறேன். நாலாவது ஆள் இராமநாதபுரத்துப் பக்கம், கோலாலம்பூரில் யாரோ ஒருவர் கடையில் வேலை. பெண்சாதிக்கு எழுதச் சொன்னார். "இரண்டு வருஷத்தில் வந்துவிடுவேன் என்று எழுது தம்பி." எழுதினேன். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "அஞ்சு வருஷம் ஆகும். வாங்கின முன்பணம் அப்படி" என்றார். நான் பேனாவை எடுத்து, "அடிச்சுட்டு அஞ்சுன்னு எழுதவா மாமு?" என்று கேட்டேன். "வேணாம். ரெண்டுன்னே இருக்கட்டும். உன்கிட்ட சொன்னேன், போதும்" என்றார். பினாங்கில் அந்த நாலு உறைகளையும் நானே தபாலில் போட்டேன். ஐந்தாவதாக உம்மாவின் உறையும் இருந்தது.

உம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். பெண்கள் இருந்த பக்கத்தில் துணி கட்டி மறைத்திருந்தது. பக்கத்துப் பாயில் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த ஓர் இந்து ஆத்தா, பேராக் தோட்டத்தில் இருக்கும் மகனிடம் போகிறவர்கள். உம்மாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தார்கள், உம்மா தம்ரூட் கொடுத்தார்கள். அசருக்குப் பிறகு நான் போய்ப் பார்த்தபோது உம்மா சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, முழங்கால் மேல் காகிதத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். வலமிருந்து இடமாக. நான் எட்டிப் பார்த்தேன், அரபு எழுத்து. ஏதோ துஆ எழுதுகிறார்கள் என்று நினைத்து விளையாடப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. கப்பலில் உம்மா வழி முழுக்க அழுதுகொண்டே வந்தார்கள் என்று என் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஐம்பது வருடமாகச் சொல்லி வந்தேன்.

பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. போர்ட் சுவெட்டன்ஹாமில் வாப்பா வந்து நின்றார்கள். சுங்கை பூலோவில் கடைக்குப் பின்னாலேயே வீடு. உம்மா காலை நாலு மணிக்கு எழுந்து இடியப்பத்துக்கு மாவு பிசைவார்கள். இரவு கடைசி அண்டாவைக் கழுவிக் கவிழ்க்கும்போது பதினொன்று. முப்பது வருடம். இந்த மண்டபத்தில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் பாதிப் பேர் அந்த மீன் குழம்பைச் சாப்பிட்டிருப்பீர்கள். கல்லாவில் இருந்த வாப்பாவைத் தெரியும், மேசை துடைத்த என்னைத் தெரியும். உம்மாவை எத்தனை பேர் பார்த்திருப்பீர்கள்?

ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது, விரைவில் உடைக்கப்பட்டது. அதே வழிக்கு இந்திய ஷிப்பிங் கார்ப்பரேஷனின் எம்.வி. சிதம்பரம் வந்தது. இதில் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906-இல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியது இதே பி.ஐ. கம்பெனியை எதிர்த்துத்தான். அந்தக் கம்பெனியின் கப்பல் விட்ட இடத்தில் அவர் பெயர் தாங்கிய கப்பல் வந்து நின்றது. அதுவும் நிலைக்கவில்லை. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்தது, உயிர்கள் போயின, அதோடு அந்தப் பயணமே முடிந்துபோனது. இப்போது நான்கு மணி நேரத்தில் விமானம் கொண்டு போய் இறக்கிவிடுகிறது. நடுவில் ஒரு மூன்றாம் நாள் இல்லை.

நன்னி 1971-இல் மவுத்தானார்கள். உம்மாவால் போக முடியவில்லை. உம்மா 2009-இல் மவுத்தானார்கள். அவர்களுடைய தகரப் பெட்டியில் குர்ஆனும் ஒரு யாசீன் கிதாபும் இருந்தன. கிதாபுக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம், இரண்டு பக்கமும் அரபு எழுத்து. ஓதுகிற காகிதம் என்று மரியாதையாக அதை அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டோம். பத்து வருடம் அங்கேயே இருந்தது.

2019-இல் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர்கள் வீட்டுக்கு வந்தார்கள். எனக்கு மாமி முறை, அப்போது எண்பத்து நாலு வயது. யாசீன் ஓத உட்கார்ந்தவர்கள் அந்தக் காகிதத்தைப் பிரித்தார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உதட்டை அசைத்தார்கள். பிறகு என்னைப் பார்த்து, "இது துஆ இல்லடா. உங்க உம்மா காகிதம். தமிழு" என்றார்கள்.

அரபுத் தமிழ். பிள்ளைகளே, இதைக் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. அரபியில் இல்லாத ழகரம், ளகரம், டகரம் போன்ற ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளில் புள்ளியோ குறியோ கூட்டிப் புது எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் என்று நம் கடலோர ஊர்களில் எல்லாம் இது இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்ற பெரியவர்கள் அதில் நூல்களே எழுதியிருக்கிறார்கள், கல்லச்சில் அச்சடித்து வீடு வீடாகப் போனது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண்கள்கூடக் குர்ஆன் ஓதக் கற்றிருந்தார்கள். அந்த எழுத்தை வைத்தே தமிழும் படித்தார்கள், எழுதினார்கள். "எங்க உம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று பாரங்களில் நாம் எத்தனை முறை நிரப்பியிருக்கிறோம்! நான் நிரப்பியிருக்கிறேன். தாய் மகளுக்கும் மகள் தாய்க்கும் யாரையும் நடுவில் வைக்காமல் எழுதிக்கொண்ட எழுத்து அது. நன்னி தானே படித்துக்கொள்வார்கள். என்னைப் போன்ற ஆறாம் வகுப்புப் பையனிடம் சொல்லி எழுத வேண்டிய அவசியம் உம்மாவுக்கு இருக்கவில்லை.

இந்தச் சங்கத்தில் அரபுத் தமிழைத் தடங்கலின்றிப் படிக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று போன மாதம் விசாரித்தேன். மூன்று பேர். மூவரும் பெண்கள், மூவரும் எண்பதைத் தாண்டியவர்கள். அதனால் செயலவைக்கு என் கோரிக்கை ஒன்று. மலருக்குப் பழைய புகைப்படம் கேட்டது போல, வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் காகிதங்களையும் கேளுங்கள். தாயத்து என்றும் துஆ என்றும் நினைத்து மேல் தட்டில் வைத்திருப்பதை ஒரு முறை இந்த மூவரிடமும் காட்டுங்கள். சனிக்கிழமை மதரஸா வகுப்பில் அரை மணி நேரம் அந்த எழுத்தைச் சொல்லிக்கொடுக்க அவர்களில் ஒருவர் சம்மதித்திருக்கிறார். வண்டி அனுப்பி அழைத்து வர வேண்டும், அவ்வளவுதான். வண்டிச் செலவு என்னுடையது.

காகிதத்தில் என்ன இருந்தது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் மேடையில் சொல்வது முறையல்ல. மாமி படித்துக் காட்டியதில் ஒரு பகுதியை மட்டும் நான் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் படிக்கிறேன்.

"இண்டைக்குக் கடல் ஆடலை. பிள்ளை நாலு பேருக்குக் காகிதம் எழுதிக் குடுத்தான், எனக்குப் பெருமையா இருந்துச்சு. இங்கே அடுப்பு இல்லை உம்மா. யாரோ ஆக்கின சோத்தை உக்காந்து தின்னேன். கையைக் களுவிட்டு அடுத்த வேலை என்னன்னு பார்த்தேன், ஒண்ணும் இல்லை. கலியாணம் ஆகி இத்தனை வருஷத்துல இப்படி ஒரு நாள் எனக்கு வந்தது இல்லை. அசருக்கும் மஃரிபுக்கும் நடுவுல சும்மா இருந்தேன். எனக்கு நல்லா இருக்கு உம்மா. உங்களை விட்டுட்டு வந்தவளுக்கு நல்லா இருக்கலாமா? இதை உங்களுக்கு அனுப்ப மாட்டேன். வேற ஒண்ணு எழுதுறேன், அழுதுகிட்டே போறேன்னு."

பினாங்கில் நான் தபாலில் போட்டது அந்த வேறொன்றைத்தான்.